அப்பச்சி வழியிலும் வரும்: மரபுவழிப் புற்றுநோய்ச் சோதனையை யாரிடம் தொடங்குவது?

தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட, 34 வயதான நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டு ஆச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) உடன்பிறந்த பெண்கள் இருவர். மூத்த அத்தை மார்பகப் புற்றுநோயால் 39 வயதில் காலமாகிவிட்டார். இளைய அத்தைக்கு 52 வயதில் சினைப்பையில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். அப்பச்சி நன்றாக இருக்கிறார். ஆத்தா (அம்மா) வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை. "பெண்களுக்கு வரும் நோய் ஆயா, ஆத்தா வழியாகத்தானே இறங்கும், அப்பச்சி வீட்டில் இருந்ததற்கு நீ ஏன் பயப்படுகிறாய்?" என்று வீட்டில் சொல்கிறார்கள். இதற்கிடையே ஓர் ஆய்வகம் முழு உடல் பரிசோதனையோடு புற்றுநோய் மரபணுச் சோதனையையும் சேர்த்துத் தள்ளுபடியில் தருவதாகச் சொல்கிறது. எடுத்துக்கொள்ளலாமா? ஒன்பது வயது மகளுக்கும் எடுக்க வேண்டுமா? நாளை அவள் கல்யாணத்திற்கு இது தடையாகுமா? சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் சொல்ல வேண்டுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சோதனை எடுக்க வேண்டிய முதல் ஆள் சென்னையில் இருக்கும் உங்கள் அத்தைதான். உங்கள் முறை அதற்குப் பின்னால். தள்ளுபடிச் சோதனை இப்போது வேண்டாம். மகளுக்கு எதுவுமே வேண்டாம். தம்பியிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

இனி விரிவாக. நான் மரபணு ஆலோசனை வேலையில் இருப்பவள். பிறந்தது கோனாபட்டு, கட்டிக்கொடுத்தது பள்ளத்தூர். ஆகவே உங்கள் வீட்டில் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது நீங்கள் எழுதாமலேயே எனக்கு ஓரளவு தெரியும்.

"அப்பச்சி வழியில் வராது" என்பது நம் ஊரில் நான் அதிகம் கேட்கும் தவறு. படித்தவர்களும் சொல்கிறார்கள். மார்பகமும் சினைப்பையும் சேர்ந்து பாதிக்கப்படும் குடும்பங்களில் முதலில் சந்தேகிக்கப்படும் மரபணுக்கள் இரண்டு: பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2. முதலாவது 17ஆவது குரோமோசோமிலும் இரண்டாவது 13ஆவது குரோமோசோமிலும் இருக்கின்றன. ஆண், பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோம்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. ஆணுக்கும் இவை உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு படிகள்; ஒன்று அப்பச்சி தந்தது, ஒன்று ஆத்தா தந்தது. ஒருவருக்குள்ள இரண்டு படிகளில் ஒன்று பழுதாக இருந்தால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி. மகனா மகளா என்பது கணக்கிலேயே இல்லை.

அப்பச்சி நலமாக இருப்பதும் சாட்சியாகாது. ஆண்களுக்குச் சினைப்பை இல்லை; மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைவு. பிஆர்சிஏ-2 பழுதைச் சுமக்கும் ஆண்களிலேயே வாழ்நாள் முழுவதும் கணக்கிட்டால் 100 பேரில் ஏழு பேர் அளவுக்குத்தான் மார்பகப் புற்றுநோய் வருகிறது. புராஸ்டேட், கணையம் ஆகியவற்றில் வரும் வாய்ப்பு கூடுதல், ஆனால் அது பெரும்பாலும் வயதான பிறகு. ஆகவே ஓர் ஆண் பழுதைச் சுமந்துகொண்டு எண்பது வயது வரை திடமாக வாழ்ந்து, அதை மகளிடம் சேர்த்துவிட்டும் போகலாம். அப்பச்சிக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இந்த இடத்தில் நம் சீமைக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வம்சக் கணக்கு வைப்பதில் நகரத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது. குலப் பிரிவுகளான ஒன்பது கோயில், அதற்குள் உட்பிரிவு, பங்காளி, புள்ளி (மணமான தம்பதி ஒரு புள்ளி) என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். கல்யாணத்தின்போது எழுதும் இசைகுடிமானத்தில் பெயரும் ஊரும் கோயிலும் பிசகாது. ஆனால் அந்தக் கணக்கு ஆண் வழிக் கணக்கு. பெண் கல்யாணமாகிப் போனால் அவள் இன்னொரு கோயிலின், இன்னொரு புள்ளியின் பாதி. பிறந்த வீட்டு வம்சப் பட்டியலில் அவள் இல்லை. அவளுக்கு என்ன நோய் வந்தது, எந்த வயதில் போனாள் என்பதும் இல்லை.

ஒரு முறை கானாடுகாத்தான் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. வம்சப் படம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போடுவோம். நோய் வந்தவருக்கு உள்ளே கருப்பு அடிப்போம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. வந்திருந்த ஐயா கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று சொன்னார். ஆறு தலைமுறை இறங்கிவிட்டது. தாளைப் பார்த்தால் சதுரங்களாக நிறைந்திருந்தது. இருந்த வட்டங்கள் எல்லாம் மருமகள்கள், அதாவது அந்த இரத்தத்தில் சேராதவர்கள். எனக்குத் தேவையான பெண்களில் ஒருவர்கூட அதில் இல்லை. பிறகு, அதுவரை வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பத்தா, "நெற்குப்பையில் கொடுத்தவளைச் சொல்லவில்லையே, அவளுக்கு வயிறு பானையாக வீங்கி, மதுரைக்குக் கொண்டுபோய் நீர் எடுத்தார்களே, அதோடு ஆறு மாதம்கூட இருக்கவில்லையே" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைய வேலையில் பாதி.

அப்பத்தா சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் பெரியவர்கள் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "கட்டி", "வயிற்றுக் கோளாறு", "மகோதரம்", "பெண்களுக்கு வருவது" என்பார்கள். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வயிற்றில் நீர் கோத்து, எடுக்க எடுக்கச் சுரந்து, சில மாதங்களில் உயிர் போனது என்றால் அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். கல்லீரல் சுருக்கமாகவோ வயிற்றுக் காசநோயாகவோ இருந்திருக்கவும் இடமுண்டு. மருத்துவமனைக் காகிதம் ஒன்று கிடைத்தால் ஐயம் தீரும். கிடைக்காவிட்டால் வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். ரங்கூனிலும் மலாயாவிலும் இறந்தவர்களைப் பற்றித் தகவல் கிடைப்பது அரிது. அதற்காக மெனக்கெட வேண்டாம். கொள்ளுப்பாட்டி தலைமுறைக்கு மேலே போவதில் பலன் குறைவு.

இன்னொன்று, கேட்கத் தயங்குவீர்கள், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்: யாராவது பிள்ளை கூட்டியதில் வந்தவர்களா? நம்மிடம் சுவீகாரம் அதிகம். பெரும்பாலும் அதே கோயில் பங்காளி வீட்டிலிருந்துதான் எடுக்கிறோம் என்றாலும், நெருங்கிய இரத்தம் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் அப்பச்சி அந்த வீட்டுக்குக் கூட்டிய பிள்ளையாக இருந்தால், இரண்டு அத்தைகளுக்கும் அவருக்கும் மரபணுத் தொடர்பு அநேகமாக இல்லை. நான் எழுதும் பதிலில் முக்கால்வாசி உங்களுக்குப் பொருந்தாது. மாறாக, அவர் அத்தைகள் பிறந்த வீட்டிலிருந்து வேறு வீட்டுக்குப் போனவராக இருந்தால், சடங்குப்படி உறவு மாறியிருக்கும், மரபணு மாறாது.

ஆகவே முதல் வேலை சோதனைக் குழாயில் இல்லை, ஒரு தாளில் இருக்கிறது. அப்பச்சியின் உடன்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், ஐயாவின் (அப்பச்சியின் அப்பா) உடன்பிறந்தவர்கள், அப்பத்தாவின் (அப்பச்சியின் அம்மா) உடன்பிறந்தவர்கள் என்று எழுதுங்கள். ஐயா வழியா, அப்பத்தா வழியா என்று இன்னும் தெரியாததால் இரண்டு பக்கமும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் எந்த உறுப்பில் நோய் தொடங்கியது, எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்ற இரண்டு விவரம் போதும். இறந்த வயதைவிடக் கண்டுபிடித்த வயது முக்கியம். யார் யார் இருந்தார்கள் என்பதே மறந்துபோயிருந்தால் பழைய மொய் ஏட்டைப் புரட்டுங்கள். கட்டிக்கொடுத்த ஊரோடு பெயர் இருக்கும். வீட்டில் ஆண்களிடம் கேட்பதைவிட ஆச்சிமார்களிடம் கேளுங்கள்.

மரபுவழிப் புற்றுநோய் பற்றிய அறிவே இப்படி ஒரு பெண் சொன்ன குடும்பக் கதையிலிருந்துதான் வளர்ந்தது. 1895இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் வார்தினிடம் ஒரு தையற்காரப் பெண், தன் வீட்டில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து சாகிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்றார். அவர் திரட்டித் தந்த உறவினர் விவரங்களை வைத்து வார்தின் 1913இல் கட்டுரை வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே இறந்தார். பின்னாளில் மருத்துவர் ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்று லிஞ்ச் நோய்க்குறி என்கிறோமே, அது இது. உங்கள் தாளில் குடல், கருப்பை, வயிறு என்று வந்தால் பிஆர்சிஏவை விட்டு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். தேடும் மரபணுக்களே வேறு. நமக்கு அடுத்த புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்குப் பின்னால் அந்தச் சாவு இருந்தது.

சரி, மரபணுவில் பழுது இருந்தால் என்ன ஆகிறது? ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணு இரண்டு படிகளாக, கடைப் பெட்டியடிக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக எழுதிவைத்த பேரேடு போல இருக்கிறது. ஒரு படியைக் கரையான் அரித்தாலும் மற்றொன்றை வைத்து ஒப்பேற்றிவிடலாம். பிறக்கும்போதே ஒரு படி கெட்டுப்போய் வந்தவருக்கு மிச்சமிருப்பது ஒன்றே. எங்கோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால் சரிபார்க்க ஆள் இல்லை. விழித்திரைப் புற்றுநோய் வந்த குழந்தைகளை வைத்து ஆய்வாளர் நுட்ஸன் 1971இல் இந்த 'இரண்டு அடி' (இரண்டு தாக்குதல்) கணக்கைச் சொன்னார். பிஆர்சிஏ மரபணுக்களின் வேலை, மரபணு இழை இரண்டாக அறுந்துபோனால் பிசகில்லாமல் ஒட்டுவது. அந்த ஒட்டு வேலை நின்றுபோன செல்லில் தவறுகள் குவியும். பழுதோடு பிறந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதற்கும், வந்தால் இளவயதில் வருகிறது என்பதற்கும் காரணம் இதுவே.

அதே வேளையில் ஒரு வீட்டில் இருவருக்குப் புற்றுநோய் என்பதாலேயே அது மரபுவழி ஆகிவிடாது. மொத்தப் புற்றுநோய்களில் மரபுவழிப் பழுதால் வருபவை 100க்கு ஐந்து முதல் பத்து வரைதான். வெற்றிலையோடு புகையிலை போட்ட ஐயாவுக்கு வாயில் வந்தது, எழுபது வயது ஆயாவுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்தது என்றால் நான் மரபணுச் சோதனை எழுத மாட்டேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் வைரஸ். உங்கள் வீட்டுக் கதை அப்படி இல்லை. 39 வயதில் மார்பகம், உடன்பிறந்தவருக்குச் சினைப்பை. இந்த இரண்டும் அக்காள் தங்கையிடம் சேர்ந்து வரும்போது எந்த நாட்டு வழிகாட்டியும் சோதனை செய் என்றுதான் சொல்லும். சொல்லப்போனால் சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், எந்த வயதானாலும் பிஆர்சிஏ பார்க்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. உங்கள் அத்தைக்கு ஏற்கெனவே பார்த்திருக்கவும் கூடும். முதலில் அவருடைய மருத்துவமனைக் கோப்பைத் தேடுங்கள். அதில் கட்டித் திசுவில் செய்த சோதனை மட்டும் இருந்தால் அது போதாது. கட்டிக்குள் மட்டும் பிறந்த மாற்றம் பிள்ளைகளுக்கு இறங்காது. இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்த்தால்தான் மரபுவழியா என்று தெரியும்.

ஏன் அத்தையில் தொடங்க வேண்டும் என்கிறேன்? நீங்கள் முதலில் எடுத்து, "பழுது இல்லை" என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நிம்மதியாகத் தூங்கலாமா? முடியாது. அத்தைகளிடம் பழுது இருந்து, அப்பச்சிக்கு வராமலோ, அப்பச்சிக்கு வந்து உங்களுக்கு இறங்காமலோ இருந்திருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு அபாயம் மற்றப் பெண்களைப் போலத்தான். அல்லது அத்தைகளின் நோய்க்குக் காரணம் அந்தச் சோதனைக்கு எட்டாத வேறொரு பழுதாக இருக்கலாம். அது உங்களிடம் இருந்தும் பிடிபடாமல் போயிருக்கும். ஒரே அறிக்கை, இரண்டு நேர்மாறான பொருள். எது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அத்தையின் இரத்தத்தில் பழுது எது என்று தெரிந்துவிட்டால் உங்களிடம் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். இருக்கிறது, இல்லை, இரண்டே பதில். செலவும் முழுத் தொகுப்புச் சோதனையில் ஒரு பங்குதான் ஆகும்.

மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. ஆய்வகங்கள் அதை எவ்வளவு விளக்குகின்றன என்பதில் எனக்கு மனக்குறை இருக்கிறது. மரபணுவில் ஒரு மாற்றம் தென்படும். அது கெடுதலா, வெறும் மச்சம் மாதிரியா என்று யாருக்கும் தெரியாது. பொருள் தெளிவாகாத மாற்றம் என்று எழுதி அனுப்புவார்கள். உலகத் தரவுத் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. ஆண்டுகள் போகப் போக இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்று மாற்றி வகைப்படுத்தப்படுகின்றன. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த அறுவை சிகிச்சையும் செய்யக் கூடாது, உறவினர்களைச் சோதிக்கவும் கூடாது. தள்ளுபடிச் சோதனையில் எழுபது, எண்பது மரபணுக்களைப் பார்ப்பதாகப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். மரபணுக்கள் கூடக் கூட இந்த இரண்டுங்கெட்டான் பதில்களும் கூடும். அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் விட்டுவிடுவார்கள். நள்ளிரவில் அதை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு.

இதற்கு நேரெதிரான குறையும் இருக்கிறது. வீட்டுக்கே உமிழ்நீர்க் குப்பி அனுப்பும் சில சோதனைகள் குறிப்பிட்ட சில பழுதுகளை மட்டும் பார்க்கும். அமெரிக்காவில் 2018இல் ட்வென்டித்ரீஅண்ட்மீ நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது மூன்றே மூன்று பிஆர்சிஏ பழுதுகளுக்கு. அவை கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. பிஆர்சிஏவில் தெரிந்த பழுதுகளோ ஆயிரக்கணக்கில். வேடிக்கை என்னவென்றால் அந்த மூன்றில் ஒன்று, 185 டெல் ஏஜி என்று பழகிய பெயர், தென்னிந்தியப் பெண்களிடமும் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதற்காக அந்த மூன்றை மட்டும் பார்த்து, இல்லை என்றதும் மகிழ்ந்துவிடலாம் என்று ஆகாது.

அத்தையிடம் எப்படிப் பேசுவது? "எனக்காக எடுங்கள்" என்று தொடங்க வேண்டாம். இது அவருக்கே பயன்படும். பிஆர்சிஏ பழுதால் வந்த சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஒட்டு வேலை பழுதான புற்றுச் செல்லில், மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்ப்பு வழியையும் இவை அடைத்துவிடுகின்றன. நோய் திரும்பினால், அல்லது கீமோவுக்குப் பின் திரும்பாமல் தள்ளிப்போட, எந்த மருந்து என்று முடிவு செய்ய அவருடைய மருத்துவருக்கே இந்த அறிக்கை வேண்டும். சினைப்பையில் வந்தவருக்குப் பின்னால் மார்பகத்தில் வரும் வாய்ப்பையும் அது சொல்லும். அவர் மகளையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்; பழுது இருந்தால் உங்களைவிட அந்தப் பெண் ஒரு படி நெருக்கம். சென்னையிலேயே இருப்பதால் அடையாறு மருத்துவமனை எட்டும் தூரம்தான். மரபுவழிப் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு வைத்திருப்பவர்கள். வேலூர் சிஎம்சியிலும் மரபணு ஆலோசனை உண்டு. எங்கே போனாலும், இரத்தம் எடுக்குமுன் ஒரு தடவை, முடிவு வந்தபின் ஒரு தடவை உட்கார்ந்து பேசுவார்களா என்று கேளுங்கள். பேச மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். முடிவு வர மூன்று, நான்கு வாரம் பிடிக்கும்.

அத்தை மறுத்தால் வற்புறுத்த முடியாது. அப்போது காலமான மூத்த அத்தையின் திசுக்கட்டை ஏதாவது அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் மெழுகில் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்கலாம். பழைய கட்டையில் சோதனை சில சமயம் சரியாக வராது, முயன்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் அப்பச்சிக்கு எடுக்கலாம். கடைசி வழியாக உங்களுக்கு. அப்போது நான் மேலே சொன்ன அரைகுறைப் பதிலோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

அத்தையிடம் பழுது உறுதியானால் அடுத்தது அப்பச்சி. அவரிடம் இல்லையென்றால் உங்களுக்கும் தம்பிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வழி அங்கேயே அறுந்துவிட்டது, ஒரே சோதனையில் ஒரு குடும்பமே விடுபடும். இருந்தால் அவருக்கும் புராஸ்டேட் பரிசோதனை தொடங்க வேண்டும். "எனக்கு இந்த வயதில் எதற்கு?" என்பார். அப்பச்சிமார் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவரைத் தாண்டி நீங்கள் நேரே எடுத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனால் உங்களிடம் இருந்தால் அவரிடமும் இருக்கிறது என்பது கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அதில் சம்மதமா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உங்களிடம் இருக்கிறது என்று வந்தால்? பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2017இல் வந்த பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ-1 பழுதில் 100க்கு 72, பிஆர்சிஏ-2 பழுதில் 69. சினைப்பையில் முறையே 44, 17. எண்கள் கலங்க வைக்கும். ஆனால் இவை 80 வயது வரைக்குமான கூட்டுத்தொகை. நாளைக்கே வரப்போவதன் கணக்கு அல்ல. மார்பகத்துக்கு இரண்டு வழி. ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30 வயதுக்கு மேல் அதோடு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும். இது நோயைத் தடுக்காது, சிறிதாக இருக்கும்போதே பிடிக்கும். தேவகோட்டையிலிருந்து மார்பக எம்ஆர்ஐக்கு மதுரையோ திருச்சியோ போய்த்தான் வர வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ஒரு தடவையோடு முடிவதில்லை. இரண்டாவது வழி மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிவிடுவது. அபாயம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறையும். நடிகை ஆஞ்சலினா ஜோலி 2013இல் வெளியே சொன்னது இதைத்தான். இது சிலருக்குச் சரி, எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள்.

சினைப்பை விஷயம் வேறு. ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேனும் சிஏ-125 இரத்தச் சோதனையும் எடுத்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்திய ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது: அந்தச் சோதனைகளால் சாவு குறையவில்லை. அது சாதாரண அபாயம் உள்ள பெண்களிடம் நடந்தது என்றாலும், பழுது உள்ளவர்களுக்கும் நம்பத்தகுந்த கண்காணிப்பு என்று எதுவும் இன்று கையில் இல்லை. ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவதுதான் பரிந்துரை: பிஆர்சிஏ-1 என்றால் 35இலிருந்து 40 வயதுக்குள், பிஆர்சிஏ-2 என்றால் 40இலிருந்து 45க்குள். மாதவிடாய் அன்றே நின்றுவிடும். உடல் வெப்பம், எலும்புத் தேய்மானம் எல்லாம் முன்கூட்டியே வரும், அவற்றையும் கவனிக்க வேண்டும். உங்களுக்கு 34. ஆகவே இந்த வேலையை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல் இருப்பது நல்லது. இன்னொரு குழந்தை வேண்டுமா என்ற பேச்சும் வீட்டில் இப்போதே நடக்கட்டும்.

மகளுக்கு வருவோம். பிஆர்சிஏ பழுதால் ஒன்பது வயதில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 25 வயதுக்கு முன் கண்காணிப்பே தொடங்குவதில்லை. 18 வயது முடிந்து, அவள் தானே புரிந்துகொண்டு, தானே கேட்டால் அப்போது பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு. விழித்திரைப் புற்றுநோய், குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் (சிறு சதை வளர்ச்சிகள்) முளைக்கும் நோய் போன்றவற்றில் மட்டும் குழந்தையிலேயே சோதிப்போம், ஏனென்றால் அங்கே குழந்தைப் பருவத்திலேயே செய்ய வேண்டியது இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதை அது இல்லை.

கல்யாணம் பற்றிய பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நம் வட்டம் சின்னது. வைரவன்பட்டியில் தும்மினால் பிள்ளையார்பட்டியில் கேட்கும். அதனால்தான் யாருக்குச் சொல்வது என்பதை இரத்தம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்யச் சொல்கிறேன். மருத்துவ ரீதியாகத் தெரிய வேண்டியவர்கள் இரத்த உறவினர்கள் மட்டும். சம்பந்திகளுக்கும் பங்காளிகளுக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மணமுடிக்கப் போகும் இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு, அது நியாயம்தான். உறவுக்குள் முடிப்பதாக இருந்தால் மட்டும் ஒரு கூடுதல் கவனம்: அத்தை மகன், மாமன் மகள் என்று ஒரே வழியில் வந்த இருவரிடமும் பிஆர்சிஏ-2 பழுது இருந்தால், பிள்ளைக்கு இரண்டு படியும் பழுதாக இறங்கி ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான நோய் வரக்கூடும். பழுது உறுதியான குடும்பத்தில் முறைப்பையனுக்குக் கொடுப்பதற்கு முன் அவனுக்கும் சோதனை செய்துவிடுவது நல்லது.

காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2008இல் வந்ததுபோல மரபணுத் தகவலுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், மரபுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது சரியல்ல என்று சொல்லியிருக்கிறது. உங்களிடம் இன்னும் பாலிசி இல்லையென்றால், சோதனைக்கு முன்பே ஒன்று எடுத்துவைப்பதில் தவறில்லை. விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். மறைத்து எழுதினால் பணம் கேட்கும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாகத் தம்பி. ஆணாயிற்றே என்று அவரை விட்டுவிடுவார்கள். அவருக்கு மகளோ மகனோ இருந்தால், அல்லது இனிமேல் பிறக்கப்போகிறது என்றால், உங்களுக்குள்ள அதே சரிபாதிக் கணக்கு அவருக்கும் உண்டு. இதற்காக அவர் ஊருக்கு வர வேண்டியதில்லை, சிங்கப்பூரிலேயே எடுத்துக்கொள்ளலாம். அத்தையின் அறிக்கையில் மரபணுவின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அத்தையின் சம்மதத்தோடு அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டாம். ஓர் எண் பிசகினால் அங்குள்ள ஆய்வகம் வேறு இடத்தைத் தேடிவிட்டு, பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடும்.